இலங்கையின் நிலவுருவப் பிரிவுகள்

இலங்கைத் தீவின் நிலம் கரையோரத்திலிருந்து நடுவில் உள்ள மலைநாடு வரை படிப்படியாக உயர்கிறது. 65,610 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இத்தீவை உயரம், சரிவு, பாறையமைப்பு ஆகியவற்றைக் கொண்டு தாழ்நிலம், இடைநிலம், உயர்நிலம் என மூன்றாகப் பகுப்பது மரபு. தாழ்நிலம் தீவைச் சுற்றிலும் பரந்து கிடக்கிறது. வடக்கில் மிக அகலமாகவும் தென்மேற்கில் ஒடுங்கியும் இருக்கிறது. உயர்நிலம் தீவின் தென்நடுப் பகுதியில் அமைந்துள்ளது. தீவின் மிக உயர்ந்த இடம் பீதுருதாலகால (2,524 மீட்டர்).

பகுப்பின் வரலாறு

இலங்கையின் பாறைகளை முறையாக ஆராயும் பணி 1903இல் தொடங்கப்பட்ட கனியவியல் அளவையுடன் வேரூன்றியது. அதன் முதல் இயக்குநர் ஆனந்த குமாரசுவாமி. பிற்காலத்தில் கலை வரலாற்றறிஞராக உலகப் புகழ் பெற்ற இவர், 1906 வரை அப்பதவியில் இருந்து தீவின் பல பகுதிகளில் பாறைகளை ஆய்ந்தார். தோரியனைட்டு என்னும் கனிமத்தை இனங்கண்டவரும் இவரே. நிலவுருவப் பகுப்புக்குத் தேவையான பாறையியல் அடித்தளம் இப்பணியிலிருந்து கிடைத்தது.

நிலவுருவத்தை மூன்று படிகளாக முதலில் தெளிவாக வரையறுத்தவர் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புவிச்சரிதவியலாளர் பிராங்க் டோசன் ஆடம்ஸ். 1929இல் வெளியான ஆய்வில், தீவு ஒன்றின்மேல் ஒன்றாக அமைந்த மூன்று அரிப்புச் சமவெளிகளைக் கொண்டது என்றார். அவற்றின் சராசரி உயரம் முறையே சுமார் 100 அடி, 1,600 அடி, 6,000 அடி. இன்றைய அளவில் ஏறத்தாழ 30, 480, 1,800 மீட்டர். நிலம் முழுவதும் விட்டுவிட்டு உயர்ந்தது. ஒவ்வோர் உயர்ச்சிக்குப் பின்னும் ஆறுகள் புதிதாக அரித்து, முன்னதற்குக் கீழே அடுத்த சமவெளியை உருவாக்கின. இது அவருடைய விளக்கம். இதன்படி மிக உயரத்தில் உள்ள பரப்பே மிகப் பழையது.

இந்தியப் புவிச்சரிதவியலாளர் தா. நோ. வாடியா 1938 முதல் இலங்கை அரசின் கனியவியலாளராகப் பணியாற்றினார். ஆடம்ஸ் கண்ட மூன்று படிகளை ஏற்றுக்கொண்ட அவர், காரணத்தை மாற்றினார். நிலப்பிளவுகள் வழியே பாறைப் பாளங்கள் தனித்தனியே மேலே தள்ளப்பட்டதால்தான் இப்படிகள் தோன்றின என்று 1940களில் எழுதினார். உயர்நிலத்தின் தெற்கு விளிம்பு மதிலைப் போல் நிமிர்ந்து நிற்பதும், 263 மீட்டர் உயரமான பம்பரகந்த, 220 மீட்டர் உயரமான தியலும ஆகிய நீர்வீழ்ச்சிகள் அவ்விளிம்பை ஒட்டியே விழுவதும் வாடியாவின் கருத்துக்கு இசைவாகத் தோன்றலாம். ஆனால் வன்பாறையில் அரிப்பும் இத்தகைய செங்குத்தை உருவாக்கக்கூடும்; எனவே இது மட்டும் இவ்விரு விளக்கங்களில் ஒன்றை உறுதிப்படுத்தாது.

இலங்கைப் பல்கலைக்கழகப் புவியியற் பேராசிரியர் குலரத்தினம் 1953இல் ஆற்றிய ‘இலங்கையின் முகம்’ என்ற உரையும், பேராசிரியர் விதானகே 1970இல் வெளியிட்ட ஆய்வும் இத்துறையில் முக்கியமானவை. மலைத்தொடர்களின் திசையையும் ஆறுகளின் போக்கையும் பாறை மடிப்புகளும் வெடிப்புக் கோடுகளும் எவ்வளவு ஆள்கின்றன என்பதை விதானகே எடுத்துக்காட்டினார். ஆயினும் மூன்று படிகள் என்ற சட்டகமே பாடநூல்களில் நிலைத்தது. தீவின் நிலவுருவத்தை ஒரே பார்வையில் விளங்கவைக்கும் எளிய பகுப்பு அது.

உயர்நிலம்

மலைநாட்டின் நடுப்பகுதி தலைகீழான ‘டி’ எழுத்தின் வடிவில் அமைந்தது. தெற்கில் சிவனொளிபாதமலையிலிருந்து (2,243 மீட்டர்) கிழக்கே ஹப்புத்தளை நோக்கி ஓடும் மலைச்சுவர் அதன் அடி. பீதுருதாலகால அமைந்த தொடர் அதன் தண்டு. மேற்கில் ஹட்டன் மேட்டுநிலமும் கிழக்கில் ஊவா வடிநிலமும் உள்ளன. நுவரெலியாவும் ஹோட்டன் சமவெளியும் மூன்று படிகளில் மேலுள்ள படியைச் சேர்ந்தவை. ஹோட்டன் சமவெளியின் ‘உலக முடிவு’ என்னும் விளிம்பில் நிலம் சட்டெனக் கீழே இறங்குகிறது. மையத்திலிருந்து மகாவலிப் பள்ளத்தாக்கால் பிரிந்த நக்கிள்ஸ் தொடரும், தென்மேற்கில் உள்ள இறக்குவானை மலைகளும் தனித் திணிவுகள். 335 கிலோமீட்டர் நீளமான மகாவலி கங்கை இம்மலைநாட்டில் பிறந்து திருகோணமலைக்கு அருகில் கடலைச் சேர்கிறது.

இடைநிலம்

கண்டி மேட்டுநிலம் இடைநிலத்துக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 500 மீட்டரில், பள்ளத்தாக்குகளும் குன்றுகளும் நெருங்கி அமைந்துள்ளன.

தாழ்நிலம்

தாழ்நிலத்தின் பெரும்பகுதி பழம்பாறையால் ஆன அலைவான சமவெளி. அரிப்புக்குத் தப்பிய வன்பாறைகள் இங்கே தனிக்குன்றுகளாக எழுந்து நிற்கின்றன: சிகிரியா, 766 மீட்டர் உயரமான ரிட்டிகல, மட்டக்களப்பின் மேற்கே உள்ள குடும்பிமலை. நீர் ஊடுருவாத பாறையும் மென்சரிவும் சேர்ந்ததாலேயே உலர்வலயத்தில் குளங்களை ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொடுத்துக் கட்ட முடிந்தது.

யாழ்ப்பாணக் குடாநாடும் அதை அடுத்துப் புத்தளம் வரை செல்லும் வடமேற்குக் கரையும் மயோசீன் காலச் சுண்ணக்கல்லால் ஆனவை. குடாநாட்டில் பெரிய ஆறு கிடையாது. மழைநீர் கல்லின் வெடிப்புகளில் இறங்கி நிலத்தடியில் தங்குவதால் பயிர்ச்செய்கை கிணற்றை நம்பியிருக்கிறது. கீரிமலை ஊற்றும் புத்தூர் நிலாவரையும் இச்சுண்ணக்கல்லின் விளைவுகள். கிழக்குக் கரையில் களப்புகளும் மணல்திட்டுகளும் மிகுதி.

இன்றைய நிலை

1991இல் தீவின் பழம்பாறைகள் உயர்நில, வன்னி, விஜயன், கடுகண்ணாவைத் தொகுதிகள் என மறுபகுப்புச் செய்யப்பட்டன. மத்திய மலைநாட்டின் பாதுகாக்கப்பட்ட பகுதிகள் 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. 2014 அக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டக் குடியிருப்புகள் மண்சரிவில் புதைந்தன. மலைச்சரிவுகளின் இடர் வரைபடங்களைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் தயாரிக்கிறது.