சொன்னால் வெட்கம்... சொல்லாவிட்டால்?

போன வாரம் ராத்திரி பத்து மணி இருக்கும். சுள்ளிக்கல்லில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் தமிழ்ப் பையன், பல்கலைக்கழக மாணவன், கதவைத் தட்டினான்.

"அங்கிள், யுனிவர்சிட்டி மெயில்னு நெனச்சு பாஸ்வேர்டைக் குடுத்துட்டேன்."

"யார்கிட்ட சொன்னே?"

"சொல்லல அங்கிள். சிரிப்பாங்க."

பி.காம். முடித்து இருபது வருஷமாக வங்கியில் குப்பை கொட்டுகிறவன் நான். ஏமாந்தவர்களை விட, ஏமாந்ததைச் சொல்லக் கூச்சப்பட்டவர்கள்தான் அதிகம் இழந்தார்கள் என்பது என் அனுபவம். 'எங்கே போய்ச் சொல்வது' என்ற கேள்விக்கு ஒரு வரலாறே உண்டு மக்களே.

1988 நவம்பர் 2. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் அவிழ்த்துவிட்ட 'புழு' நிரல், ஒரு மதிப்பீட்டின்படி 6,000 கணினிகளை முடக்கியது. தகவல் சொல்லப் பொதுவாக ஓர் இடம் இல்லை. அதே மாதம் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 'செர்ட்' பிறந்தது. அந்த வழியில் வந்ததுதான் 2004-ல் இந்தியாவில் தொடங்கிய 'செர்ட்-இன்'.

படித்தவன் ஏமாற மாட்டான் என்கிறீர்களா? 2005-ல் இண்டியானா பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கே போலி மெயில் அனுப்பிப் பார்த்தார்கள். முன்பின் தெரியாத பெயரில் வந்ததற்கு 16 சதவீதம் பேர் விழுந்தார்கள். நண்பர் பெயரில் வந்ததற்கு 72 சதவீதம்!

இப்போது எங்கள் ஊர்க் கதை. அபுதாபியில் வேலை பார்த்த ஒருவருக்குத் தூத்துக்குடியில் ஐசிஐசிஐ வங்கிக் கணக்கு. 2007 செப்டம்பரில் வங்கியிலிருந்து வந்தது போலவே ஒரு மெயில். பதில் போட்டார். 6.46 லட்சம் ரூபாய் போயே போச்சு. 'உங்கள் கவனக்குறைவு' என்றது வங்கி. மனிதர் விடவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி தமிழக அரசின் தீர்ப்பு அதிகாரியிடம் போனார். 2010 ஏப்ரலில் 12.85 லட்சம் கொடுக்கச் சொல்லி வங்கிக்கு உத்தரவு வந்தது. வங்கி மேல்முறையீடு செய்தது. மேல்முறையீட்டு மன்றத்துக்கோ 2011 முதல் பல வருஷம் தலைவரே இல்லை! 2019-ல்தான் அந்த உத்தரவு உறுதியானது.

அவர் வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்திருந்தால்?

2017-ல் ரிசர்வ் வங்கி ஒரு விதி கொண்டு வந்தது. தவறு நம்முடையதே ஆனாலும், வங்கிக்குத் தகவல் சொன்ன பிறகு போகிற பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. சொல்லும் வரை போனது நம் தலையில். ஆக, சொன்ன நிமிஷம்தான் எல்லைக்கோடு. பணம் போய்விட்டால் இந்தியாவில் 1930-க்கும் உடனே போன் செய்யுங்கள்.

பையனை அப்போதே பாஸ்வேர்டை மாற்றவைத்து, கணினி மையத்துக்கு எழுதச் சொன்னேன். அந்த மெயிலை அழிக்காமல் அப்படியே இணைக்கவும் சொன்னேன். மறுநாள் வகுப்பிலும் சொல்லியிருக்கிறான்.

யாரும் சிரிக்கவில்லையாம். "எனக்கும்தான்டா" என்று இரண்டு பேர் எழுந்து வந்தார்களாம்.