துளையும் பிறையும்: இப்னுல் ஹைஸமும் கேமராவின் முதற்பாடமும்

2019 டிசம்பர் 26ஆம் நாள் காலையில் தமிழகத்தின் சில மாவட்டங்களில் கங்கண சூரிய கிரகணம் தெரிந்தது. கிரகணம் வளர்ந்துகொண்டிருந்த வேளையில் மரநிழலைக் குனிந்து நோக்கியவர்கள், தரையெங்கும் சின்னஞ்சிறு ஒளிப் பிறைகள் சிதறிக் கிடப்பதைக் கண்டிருப்பர். இலைகளின் இடைவெளிகள் பல வடிவின. அவற்றின் வழியே விழுந்த ஒளியோ பிறை வடிவினது. இது ஏன் என்னும் வினா மிகப் பழையது. அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்கும் வினாத் தொகுப்பிலேயே அது இடம்பெற்றுள்ளது. கணித வழியில் அதற்கு விரிவான விடை தந்தவர் இப்னுல் ஹைஸம். அவர் கண்ட விடை, இன்று டிஜிட்டல் கேமராவைக் கையிலெடுப்பவர் கற்க வேண்டிய முதற்பாடமாகவும் விளங்குகிறது.

ஹிஜ்ரி 354இல் (கி.பி. 965) பஸராவில் பிறந்து, ஃபாத்திமிய ஆட்சிக்கால கெய்ரோவில் வாழ்ந்து, சுமார் 1040இல் அங்கேயே மறைந்தவர் அவர். ஏழு பாகங்கள் கொண்ட அவருடைய 'கிதாபுல் மனாழிர்' 1200ஆம் ஆண்டையொட்டி லத்தீனில் பெயர்க்கப்பட்டது. 1572இல் பாஸல் நகரில் அச்சேறியது. அந்நூலில் அவர் விவரிக்கும் சோதனை ஒன்று எளியது. எவரும் வீட்டில் செய்து பார்க்கத்தக்கது. ஓர் இருண்ட இடத்திற்குச் செல்லும் சிறு துளையின் எதிரே பல விளக்குகளைத் தனித்தனியே வைக்க வேண்டும். உள்ளே சுவரில் ஒவ்வொரு விளக்குக்கும் ஓர் ஒளித்திட்டுத் தோன்றும். ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய திட்டு மட்டுமே மறையும். ஒரே துளையில் குறுக்கிட்டுச் சென்றாலும் ஒளிகள் ஒன்றோடொன்று கலப்பதில்லை, அவை நேர்கோட்டில் செல்கின்றன என்பதை இதனால் அவர் நிறுவினார்.

கிரகணத்தின் வடிவம் பற்றி அவர் தனியே ஒரு சிறு நூலும் எழுதினார். குறுகிய துளை வழியே விழும் கிரகணச் சூரியனின் ஒளி பிறையாகத் தெரிவதும், துளையை அகலப்படுத்தினால் அப்பிறை மறைந்து வட்டமாகிவிடுவதும் ஏன் என்பதே அதன் ஆய்வுப் பொருள். அவர் கண்ட காரணம் இது: சூரியப் பிறையின் ஒவ்வொரு புள்ளியும் துளையின் வடிவில் ஒரு திட்டைத் திரையில் வீழ்த்துகிறது. அத்திட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தே முழு உருவம் அமைகிறது. துளை சிறிதாயின் திட்டுகளும் சிறியன. பிறையின் வடிவம் காப்பாற்றப்படுகிறது. துளை பெரிதாயின் திட்டுகள் பருத்துப் பிறையின் உள்வளைவை மூடிவிடுகின்றன.

இக்கருத்தை மனத்தில் இருத்திக்கொண்டு நம் காலக் கேமராவுக்கு வருவோம். அதன் லென்ஸினுள் விரிந்து சுருங்கும் துளையை 'அப்பர்ச்சர்' என்கிறோம். லென்ஸ் இருப்பதால், ஃபோக்கஸ் செய்யப்பட்ட தொலைவிலுள்ள பொருளின் ஒவ்வொரு புள்ளியும் புள்ளியாகவே குவிகிறது. அதற்கு முன்னும் பின்னும் உள்ளவை இப்னுல் ஹைஸம் கூறிய திட்டுகளாகவே விழுகின்றன. எனவே எஃப் 2.8 போன்ற அகன்ற துளையில் முகம் தெளிந்து பின்னணி மங்குகிறது. எஃப் 11இல் திட்டுகள் சிறுத்து, அருகிலும் தொலைவிலும் உள்ளவை ஒருங்கே தெளிகின்றன. எண் சிறிதாயின் துளை பெரிது என்பதைப் புதிதாகக் கற்பவர்கள் மறந்துவிடலாகாது.

ஆயினும் தெளிவுக்கு ஒரு விலை உண்டு. எஃப் 4இலிருந்து எஃப் 8க்கு மாறினால் துளையின் விட்டம் பாதியாகிறது. பரப்பும் அதன் வழிவரும் ஒளியும் கால்பங்காகின்றன. குறைந்ததை ஈடுசெய்ய இரு வழிகள் உள. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/250 நொடியிலிருந்து ஏறத்தாழ 1/60 நொடியாக நீட்டலாம். ஆனால் ஓடும் குழந்தையின் உருவம் இழுபட்டுவிடும். அன்றி, ஐ.எஸ்.ஓ. அளவை 100இலிருந்து 400ஆக உயர்த்தலாம். இது ஒளியைக் கூட்டுவதில்லை. உணரி தரும் மின்குறியையே பெருக்குகிறது. அதனால் நிழற்பகுதிகளில் மணற்பொடி போன்ற இரைச்சல் மிகுந்து தெரியும். இம்மூன்றையும் காட்சிக்கேற்பச் சமன்செய்வதே படமெடுக்கும் கலையின் அடிப்படை.

இனி, நாம் நேர்மையோடு எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. 'கேமராவைக் கண்டுபிடித்தவர் இப்னுல் ஹைஸம்; அச்சொல்லே அரபியிலிருந்து பிறந்தது' என்று நம் மேடைகளில் பெருமிதத்துடன் கூறப்படுவதுண்டு. இரண்டும் பிழை. கேமரா என்பது அறையைக் குறிக்கும் லத்தீன் சொல். அதன் மூலம் கிரேக்கம். துளை வழியே உருவம் தலைகீழாக விழுவதை அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே சீனர்கள் அறிந்திருந்தனர். அவ்வுருவத்தை நிலைநிறுத்தும் முறையோ 19ஆம் நூற்றாண்டு பிரான்சில் நியெப்ஸ், டகேர் ஆகியோரின் முயற்சியால் உருவாயிற்று. 1839இல் அது உலகறிய வெளியிடப்பட்டது. படச்சுருள் இன்றி இயங்கும் கேமராவை 1975இல் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாஸன் உருவாக்கினார். 10,000 புள்ளிகளாலான ஒரு படத்தைப் பதிய அதற்கு 23 நொடிகள் ஆயின.

இவ்வாறு கூறுவதால் இப்னுல் ஹைஸமின் பெருமை குன்றிவிடாது. பலர் கண்டு வியந்ததை அவர் அளந்தார். துளையின் அளவை மாற்றி மாற்றிச் சோதித்தார். காரணத்தை வடிவியலால் விளக்கினார். அவருக்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் கமாலுத்தீன் அல்ஃபாரிஸி அவருடைய ஒளியியல் நூலைத் திருத்தி விரிவுரை எழுதியதும், நீர் நிரப்பிய கண்ணாடிக் கோளத்தைக் கொண்டு வானவில்லை விளக்கியதும் அந்த ஆய்வுமுறையின் தொடர்ச்சியேயாகும்.

தாலமியின் மீதே ஐயங்களை எழுப்பி ஒரு நூல் செய்தவர் இப்னுல் ஹைஸம். முன்னோர் கூறினர் என்பதற்காக எதையும் ஏற்கலாகாது என்று கற்பித்த அவரைப் பற்றி, ஆராயாத செய்திகளைப் பரப்புவது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது. அடுத்த கிரகணத்தின்போது நம் பிள்ளைகளிடம் ஓர் அட்டையையும் ஊசியையும் கொடுத்து, துளையைச் சிறிது சிறிதாக அகலப்படுத்தச் செய்து, சூரியனை நேரே நோக்காது, தரையில் விழும் பிறை மறைவதைக் காணச் செய்வோம். அவர் விட்டுச்சென்ற கல்வி அந்தச் சோதனையில் இருக்கிறது.