13 ஆரக்கால்: குவாட்டர்மாஸ்டர் இலச்சினையில் ஒரு சக்கரம்

அமெரிக்கத் தரைப்படையின் வழங்கல் பிரிவான குவாட்டர்மாஸ்டர் கோரின் இலச்சினையில் வாளும் சாவியும் குறுக்காகக் கிடக்கின்றன. பின்னால் ஒரு சக்கரம், மேலே பறக்கும் கழுகு. வாள் படைக்கு, சாவி பண்டகக் காவலுக்கு என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. சிக்கல் சக்கரத்தில்தான். அப்படையின் இலச்சினை நிறுவனம் தரும் விளக்கப்படி, அது ஆறு கோவேறு கழுதைகள் இழுத்த படைவண்டியின் சக்கரம். ஆகவே போக்குவரத்தின் குறி. அதே விளக்கம், சக்கரத்தின் 13 ஆரக்கால்களும் வட்டையில் பதித்த 13 விண்மீன்களும் தொடக்கக் காலக் குடியேற்றங்கள் என்கிறது. இவ்விரு கூற்றுகளையும் ஒரே மூச்சில் ஏற்க முடியாது என்பது என் வாதம்.

மரச்சக்கரத்தில் வட்டை என்பது ஒரே மரமன்று. வளைவான துண்டுகளைக் கோத்து அமைப்பது. வழக்கமாகத் துண்டுக்கு இரண்டு ஆரக்கால் இறங்கும். நம் மாட்டுவண்டியில் ஆறு துண்டுக்குப் பன்னிரண்டு ஆரக்கால் எண்ணலாம். ஐரோப்பிய, அமெரிக்கத் தச்சர்களின் மரபும் இதுவே. ஆகவே எண்ணிக்கை இரட்டைப்படையில்தான் முடியும். வரைந்தவரின் கவனக்குறைவு என்று இதைத் தள்ளவும் வழியில்லை. ஒரு வட்டத்தைப் பன்னிரண்டாகப் பகுக்கக் கவராயமும் அளவுகோலும் போதும். 13 சமகூறுகளாக அவற்றை மட்டும் கொண்டு பகுக்கவே இயலாது என்பது வடிவியல் நிறுவிய உண்மை. எளிதான எண்ணை விட்டு அரிய எண்ணைத் தேடிப் போயிருக்கிறார்கள். அதுவும், விண்மீன்களே அந்த எண்ணைச் சொல்லிவிடும் நிலையில்! எந்த வண்டியிலும் பூட்டுவதற்கான சக்கரமன்று இது. 1775 ஜூன் 16 அன்று குடியேற்றங்களின் பேரவை குவாட்டர்மாஸ்டர் ஜெனரல் பதவியை உண்டாக்கியதே, அந்தத் தொடக்கத்தைச் சுமக்கும் சக்கரம்.

இலச்சினை உருவானது 1895-96 அளவில். ஆண்டை இதற்கு மேல் இறுக்கிச் சொல்ல நான் துணியவில்லை. அன்று வண்டியும் கோவேறு கழுதையும் இப்பிரிவின் அன்றாட வேலை. எனவே வடிவத்தைத் தந்தது வண்டியாக இருக்கலாம், இருந்திருக்கவும் வேண்டும். பொருளைத் தந்தது எண் என்றே கருதுகிறேன். இது ஊகம்தான்; ஆனால் பின்னர் நடந்தவை இதற்கு அரண் செய்கின்றன.

1912இல் உணவுத் துறையும் ஊதியத் துறையும் குவாட்டர்மாஸ்டருடன் இணைக்கப்பட்டன. உணவுத் துறையின் பிறையும் ஊதியத் துறையின் வைர வடிவமும் இலச்சினைக்குள் இடம்பெறவில்லை. 1920இல் நிதித் துறை தனியாகப் பிரிந்தபோது வைரம் அதன் கழுத்துப்பட்டைக்குத் திரும்பிற்று. பணி போன இடத்துக்கு அதன் குறியும் போயிற்று.

1942 ஜூலை இறுதியில் போக்குவரத்து தனிப் பிரிவாயிற்று. சக்கரம் போக்குவரத்தை மட்டுமே குறித்திருந்தால் அதுவும் வைரத்தைப் போலவே உடன் சென்றிருக்க வேண்டும். புதிய பிரிவோ கப்பலின் சுக்கான் சக்கரத்தையும், அதன் நடுவே தண்டவாளத்தில் ஓடும் சிறகு முளைத்த ரயில் சக்கரத்தையும் தனக்கென அமைத்துக்கொண்டது. 13 ஆரக்கால் சக்கரம் குவாட்டர்மாஸ்டரிடமே இருந்துவிட்டது, இன்றும் இருக்கிறது.