கல்லில் விளைந்த அன்னாசி



அன்னாசி என்பது தமிழ்ச் சொல் அன்று என்றால் என் மாணவர்கள் நம்ப மறுப்பார்கள். தென்னமெரிக்கப் பழங்குடியினர் ‘நானஸ்’ என்றார்கள். போர்த்துக்கேயர் அதை ‘அனனாஸ்’ ஆக்கிக் கப்பலேற்றினார்கள். நம் நாவில் அது அன்னாசியாயிற்று. நம் நாட்டில் தென்னை மரங்களுக்கிடையே விளையும் இந்தப் பழத்துக்காக, குளிர்தேசமான ஸ்கொட்லாந்தில் மதிலையே சூடாக்கிய கதை ஒன்றுண்டு.

போல்கேர்க் நகருக்கு அண்மையிலுள்ள டன்மோர் பண்ணையில் ஒரு மதில்சூழ் தோட்டம் இருக்கிறது. அதன் தென்வாயிலின் தலைக்கல்லில் 1761 எனப் பொறித்திருக்கிறது. கட்டுவித்தவர் ஜோன் மரே, நான்காவது டன்மோர் பிரபு.

மதில் என்றால் நமக்குக் களவும் கட்டாக்காலி மாடும்தான் நினைவுக்கு வரும். அங்கே மதில் காற்றைத் தடுக்கும். பகலில் வாங்கிய வெயிலை இரவில் மெல்லத் திருப்பிக் கொடுக்கும். ஆகவே, தெற்கு நோக்கிய வடக்கு மதிலுக்கே மதிப்பு அதிகம். டன்மோரில் அம்மதிலின் உள்ளே குடைவுகள் விட்டார்கள். அடுப்பின் அனல் அவற்றினூடே ஓடி, மதிலையொட்டிய கண்ணாடிக் கூடங்களைச் சூடாக்கியது. புகைபோக்கிகளைக் கிரேக்கச் சாடிகள் போலச் செதுக்கி மறைத்துவிட்டார்கள். புகை வருவது தெரியலாம், அடுப்பு தெரியக்கூடாது என்பது பிரபுக்களின் நாகரிகம் போலும்!

மதிலின் நடுவிலுள்ள மண்டபத்தின் மேல் ஏறத்தாழ 14 மீற்றர் உயரத்துக்குக் கல் அன்னாசி ஒன்று எழுகிறது. பிரபு 1771 முதல் வேர்ஜினியாவின் ஆளுநராயிருந்து, புரட்சியால் நாடு திரும்பிய பின்னரே இது சேர்க்கப்பட்டது என்பர் சிலர். முன்னரே இருந்தது என்பர் வேறு சிலர். சிற்பியின் பெயரோ எந்தப் பதிவிலும் இல்லை. ஆனால் அவர் பனியை அறிந்தவர். கல்லிடுக்கில் தேங்கும் நீர் உறைந்தால் விரிந்து கல்லைப் பிளந்துவிடும். அதனால் ஒவ்வோர் இலைக்கும் தனித்தனி வடிகால் வைத்து, எங்கும் நீர் நில்லாதபடி சரிவு கொடுத்திருக்கிறார். என்னை வியக்க வைப்பது பழத்தின் வடிவத்தைவிட இந்த வடிகால்தான்.

இனி அந்த அடுப்பைப் பற்றி. அக்காலத்தில் இத்தகைய அடுப்புகளில் பெரும்பாலும் எரிந்தது நிலக்கரி. அதை வெட்டிய ஸ்கொட்லாந்துத் தொழிலாளரைச் சட்டம் சுரங்கத்தோடு பிணைத்திருந்தது. சுரங்கம் கைமாறினால் அவர்களும் கைமாறுவார்கள். 1775 ஆம் ஆண்டுச் சட்டம் அந்தத் தளையைத் தளர்த்தியது. அது முற்றாக அறுந்தது 1799 இல்தான். அதே 1775 நவம்பரில் டன்மோர் பிரபு வேர்ஜினியாவில் ஒரு பிரகடனம் செய்தார்: கிளர்ச்சிக்காரரின் அடிமைகள் மன்னருக்காக ஆயுதம் ஏந்தினால் அவர்களுக்கு விடுதலை. தாமும் அடிமைகளை வைத்திருந்தவர் அவர். தம் அடிமைகளைப் பற்றி அப்பிரகடனத்தில் ஒரு சொல்லும் இல்லை.

கண்ணாடிக் கூடங்கள் இன்று இல்லை. அடுப்பும் அணைந்து நெடுங்காலமாயிற்று. 1970களில் கட்டடம் செப்பனிடப்பட்டு, விடுமுறைக்கு வருவோர் வாடகைக்குத் தங்கும் இடமாகியது. கல் இலைகளிலிருந்து மழைநீர் இன்றும் அந்தப் பெயரறியாச் சிற்பி வகுத்த வழியிலேயே வடிகிறது.