பறித்த புத்தகமும் கொடுத்த புத்தகமும்

பிள்ளையின் கையில் சித்திரக்கதைப் புத்தகத்தைக் கண்டதும் பெரியவர்கள் சினங்கொள்வது கல்முனைக்கு மட்டும் உரிய வழக்கமன்று. அதற்கு உலகளாவிய வரலாறு உண்டு.

1954 இல் அமெரிக்க உளமருத்துவர் பிரெட்ரிக் வெர்தம், சிறுவர் குற்றங்களுக்குச் சித்திரக்கதைகளும் காரணம் என நூலெழுதினார். செனட் உபகுழு விசாரித்தது. அஞ்சிய வெளியீட்டாளர்கள் தமக்குத் தாமே தணிக்கை விதிகளை வகுத்தனர். பிரான்சில் 1949 இலும் பிரித்தானியாவில் 1955 இலும் சட்டங்களே பிறந்தன. ஆனால் வெர்தமின் சொந்தக் குறிப்புகளை ஆராய்ந்த கரோல் டில்லி, சிறுவர்களின் வாக்குமூலங்களை அவர் மாற்றியும் மிகைப்படுத்தியும் எழுதியிருந்ததை 2012 இல் வெளிப்படுத்தினார். அந்தத் தணிக்கை விதிகளும் 2011 இல் வழக்கொழிந்தன.

இலங்கைத் தமிழில் இச்சர்ச்சை வேறு வடிவம் கொண்டது. தென்னிந்திய வணிகச் சஞ்சிகைகள் சந்தையை நிறைத்து வாசகரின் ரசனையைக் கெடுக்கின்றன, நம் எழுத்தாளருக்கு இடமில்லாமற் செய்கின்றன என்று முற்போக்கு எழுத்தாளர்கள் வாதிட்டனர். 1970 இல் பதவியேற்ற அரசின் காலத்தில் அவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. உள்ளூர்ப் பிரசுரம் வளர்ந்தது. வீரகேசரி வெளியிட்ட நாவல்கள் அதற்குச் சான்று. அவ்வாதத்தில் நியாயமும் இருந்தது. எனினும் அது பெரும்பாலும் வளர்ந்தோரின் இலக்கியம் பற்றியது. பிள்ளைகளுக்கு எதைக் கொடுப்பது என்ற கேள்வி பின்னுக்குப் போயிற்று. 1972 இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியது. அதன் இரும்புக்கை மாயாவி நம் நாட்டுச் சிறுவரையும் கவர்ந்தான். அவனும் பிரித்தானியச் சித்திரக்கதையிலிருந்து வந்தவனே!

நம் கரையோர மக்கள் கதைக்குப் புதியவர்களல்லர். கிஸ்ஸாக்களும் மசலாக்களும் படைப்போர்களும் நம் மரபுச் செல்வங்கள். படைப்போரில் வாள் வீச்சுக்குக் குறைவில்லை. கிஸ்ஸாவில் ஜின்களுக்குக் குறைவில்லை. உம்மும்மா சொன்னால் வியப்பூட்டும் கதை, படமாக அச்சேறி வந்தால் மட்டும் ஒழுக்கக்கேடாகிவிடுமா?

எல்லாப் புத்தகமும் பிள்ளைக்கு ஏற்றதென்று நான் சொல்லவில்லை. தெரிவு செய்து கொடுப்பது வாப்பா, உம்மாவின் கடமை, ஆசிரியரின் கடமையுங்கூட. ஆனால் தெரிவு செய்வதற்கு முதலில் நாமே வாசிக்க வேண்டும். ஒன்றைப் பறித்தால் அதனிலும் சுவையான இன்னொன்றைக் கொடுக்க வேண்டும். கொடுக்க ஒன்றுமில்லாத வீட்டில் பிள்ளை நல்ல புத்தகத்தைத் தேடிப் போவதில்லை, வாசிப்பதையே விட்டுவிடுகிறது.