ரொட்டிக்கு மாற்று தேடாத உணவுமுறை: டிக்கெயின் 1941 குறிப்பு – ஒரு மறுவாசிப்பு

கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றிலுள்ள குளூட்டன் புரதத்தால் சிறுகுடல் சிதையும் சீலியாக் நோயின் வரலாற்றை எழுதியவர்கள், டச்சுக் குழந்தை மருத்துவர் வில்லெம் கரெல் டிக்கெ 1941இல் வெளியிட்ட சிறு குறிப்பிடம் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்கள்: நெதர்லாந்தின் 1944–45 பட்டினிக் குளிர்காலத்துக்கு முன்பே கோதுமைமீது அவருக்கு ஐயம் இருந்ததா? இருந்தது, அக்குறிப்பே சான்று. பஞ்சத்தில் ரொட்டி மறைந்ததும் குழந்தைகள் தேறினார்கள், ரொட்டி திரும்பியதும் நலிந்தார்கள் என்ற புகழ்பெற்ற கதை அந்த ஐயத்துக்கு வலுச்சேர்த்திருக்கலாம். அதைத் தோற்றுவித்திருக்க முடியாது. அந்த வழக்கு முடிந்தது. ஆனால், குறிப்பு எதை விலக்கியது என்று துருவியவர்கள் அது எதைப் பரிமாறியது என்று பார்க்கவில்லை. குளூட்டன் இல்லாமல் நலமாக உண்பது எப்படி என்ற இன்றைய கேள்விக்கு அந்தப் பாதிதான் முக்கியம் என்பது என் கருத்து.

நெதர்லாந்து அப்போது ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் இருந்தது. ஹேக் நகர ஜூலியானா குழந்தைகள் மருத்துவமனையின் பொறுப்பில் இருந்த டிக்கெ, பழமும் காய்கறியும் மிகச் சிறந்த பலன் தருவதாகப் பிறர் எழுதியதைச் சுட்டிவிட்டு, பங்கீட்டுக் காலத்துக்கு ஏற்ற எளிய முறை ஒன்றைச் சொல்கிறார். ரொட்டி கூடாது, ரஸ்க் கூடாது. நாளுக்கு இருவேளை சூடான சாப்பாடு. மூன்றாம் வேளைக்கு இனிப்பாகவோ புளிப்பாகவோ கஞ்சி, கோதுமை மாவு சேராமல். அவ்வளவுதான். அன்றைய டச்சு வீடுகளில் ஒருவேளை சூடான உணவு, மற்ற இருவேளை ரொட்டி என்பதே வழக்கம் என்பதை நினைவில் வைத்துப் படித்தால் இதன் துணிச்சல் புரியும். ரொட்டி இருந்த இடத்தில் ரொட்டி போன்ற வேறொன்றை அவர் வைக்கவில்லை, வேளையையே மாற்றிவிட்டார். சூடான சாப்பாடு என்றால் உருளைக்கிழங்கும் காய்கறியும், கிடைத்தால் இறைச்சியும் என்று கொள்வது என் ஊகம். குறிப்பு அதைப் பட்டியலிடவில்லை. நியூயார்க்கில் சிட்னி ஹாஸ் 1924 முதல் பரப்பிய வாழைப்பழ உணவுமுறை வேறெங்கும் செல்வாக்கோடு இருந்திருக்கலாம். கடல்வழி அடைபட்ட நாட்டில் வாழைப்பழத்துக்கு எங்கே போவது?

இதைக் குளூட்டன் இல்லா உணவின் முதல் பட்டியல் என்று கூறிவிட முடியாது. கஞ்சிக்கான தானியம் எதுவென்று அவர் சொல்லவில்லை. பார்லியோ ஓட்ஸோ ஆக இருந்திருக்கலாம். கோதுமைக்கு உறவான ரையும் தீங்கென்று சொல்ல அவருடைய 1950இன் உட்ரெக்ட் முனைவர் ஆய்வேடு வரவேண்டியிருந்தது. இவ்வளவும் பற்றாக்குறையின் விளைவே, திட்டமல்ல என்பாரும் உண்டு. ஆனால் 1941இல் பங்கீட்டில் ரொட்டி கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. அதை ஒதுக்கியது மருத்துவரின் முடிவு.

பின்னாளில் நடந்தது இதற்கு நேர்மாறு. அரிசி மாவு, மக்காச்சோள மாவுச்சத்து, மரவள்ளி மாவு ஆகியவற்றைப் பிசைந்து ரொட்டியின் உருவத்தை மீட்பதே முயற்சியானது. குளூட்டனின் இழுவை இல்லாத மாவை ஒட்டவைக்கப் பசைப்பொருளும் கொழுப்பும் சேர்கின்றன. நார்ச்சத்தும் இரும்பும் ஃபோலேட்டும் குறைகின்றன. சிறுகுடலின் மேற்பகுதி சிதைந்ததால் இரும்பும் ஃபோலேட்டும் ஏற்கெனவே குறைந்திருக்கும் நோயாளிக்குத்தான் இந்த உணவு போகிறது. கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் கூடாது என்ற சர்வதேச அளவுகோல் இன்றியமையாதது. ஆனால் அது பொட்டலத்தில் இருக்கக் கூடாததை மட்டுமே அளக்கிறது. இருப்பதன் தரம் அதன் கணக்கில் இல்லை.

‘இட்லி, தோசை உண்ணும் நமக்கு இந்த ரொட்டிப் பிரச்சினை பொருந்தாது’ என்ற வாதம் பாதிதான் சரி. வேளையின் அமைப்பை மாற்றவேண்டிய தேவை நமக்குக் குறைவு, உண்மை. ஆனால் மூன்று வேளையும் தீட்டிய அரிசி என்றால் நார்ச்சத்துக் குறை அப்படியே நிற்கும்; கேழ்வரகும் சாமையும் பயறும் கீரையும் அங்கே வேண்டும். குளூட்டன் மறைவாக நுழையவும் வழியுண்டு. சாம்பாரில் விழும் கூட்டுப் பெருங்காயத்தில் மைதா இருப்பதுண்டு. கேழ்வரகை வாங்கிவந்தாலும், சற்றுமுன் கோதுமை அரைத்த அதே மில்லில் கொடுத்து அரைத்தால் மாவோடு குளூட்டனும் வீட்டுக்கு வரும். வீட்டு மிக்சியில் சிறிது சிறிதாக அரைத்துக்கொள்வதே இப்போதைக்குப் பாதுகாப்பு.