தாலிக்குப் பின் பிறக்கும் தாள்

திருமணப் பதிவுச் சான்றிதழுக்கு முகூர்த்த நேரம் தெரியாது. லக்னம், நட்சத்திரம், கெட்டிமேளம் எதுவும் அதில் ஏறுவதில்லை. மணமக்கள் பெயர், தகப்பனார் பெயர், முகவரி, கல்யாணம் நடந்த இடம், தேதி, பதிவு எண், சார் பதிவாளர் கையொப்பம், அவ்வளவுதான். மண்டபத்தில் சாப்பிட்டுப் போன ஐந்நூறு பேரில் ஓரிருவர்தான் அது பிறக்கும்போது கூட இருப்பார்கள். ஆனாலும் சீர்காழியில் கட்டிய தாலிக்கு டெக்சாஸில் சாட்சி சொல்லப்போவது அந்தத் தாள் மட்டுமே.

அப்படி ஒரு தாளின் பின்னால் போய்ப் பார்க்கலாம். பெண் சீர்காழி, மாப்பிள்ளைக்கு ஹூஸ்டனில் வேலை. இது ஒரு வீட்டின் கதையல்ல. கொள்ளிடம், திருவெண்காடு, வைத்தீஸ்வரன்கோயில் பக்கத்துப் பத்து வீட்டுக் கதைகளைச் சேர்த்தால் கிடைப்பது.

இந்தத் தாளுக்கு முன்னோர்கள் உண்டு. இங்கே கல்யாணத்துக்குப் பதிவேடு என்றால் மொய் நோட்டுதான். பந்தல் ஓரத்தில் மேசை போட்டு, கையெழுத்து நன்றாக உள்ள ஒருவரை உட்கார வைத்து, ஊர், பெயர், தொகை என்று வரிசையாக எழுதிய நோட்டு. திருப்பிச் செய்யவேண்டிய கணக்கு என்பதால் யாரும் அதைத் தூக்கிப் போடுவதில்லை. தாத்தா கல்யாணத்துக்கு யார் எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்பது வரை பல வீட்டுப் பெட்டிகளில் இன்னும் இருக்கிறது. ஒரு திருமணம் நடந்ததற்கு இதைவிட நல்ல சாட்சியம் எனக்குத் தெரிந்து வேறில்லை. ஆனால் எந்த அலுவலகமும் அதை வாங்காது.

ஊரின் மிகப் பெரிய கல்யாணத்துக்கோ மொய் நோட்டும் கிடையாது. சீர்காழியில் பிறந்த திருஞானசம்பந்தருக்குக் கொள்ளிடம் பக்கத்து ஆச்சாள்புரத்தில், அன்றைய திருநல்லூர்ப் பெருமணத்தில், திருமணம் நடந்தது. சடங்கு முடிந்ததும் மணமக்கள், பெற்றோர், நடத்தி வைத்த திருநீலநக்கர், வந்த சுற்றம் எல்லோரும் சோதியில் கலந்துவிட்டார்கள் என்கிறது பெரியபுராணம். சார் பதிவாளர் கண்ணால் பார்த்தால் சிக்கலான வழக்கு. கையெழுத்துப் போட ஒரு சாட்சிகூட மிச்சமில்லை. ஏழாம் நூற்றாண்டுக் கல்யாணத்தைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் விரிவாக எழுதிவைத்தார். ஐந்நூறு ஆண்டு தாமதப் பதிவு. ஆச்சாள்புரத்தில் வைகாசி மூலத்தன்று அந்தக் கல்யாணம் இன்றும் விழாவாக நடக்கிறது.

காகிதத்தில் முறையாக எழுதும் பழக்கம் கடற்கரை வழியாக வந்தது. தெற்கே தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620இல் கோட்டை கட்டினார்கள். 1701இல் சீயோன் தேவாலயம் வந்தது. 1706இல் மிஷனரி சீகன்பால்கு வந்து இறங்கினார், 1718இல் புதிய எருசலேம் தேவாலயத்தை எழுப்பினார். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதிவைப்பது தேவாலய வழக்கம். சென்னை மாகாணத்துக்குரிய இத்தகைய பதிவுகளின் நகல்கள் 1698 முதல் லண்டனில் சேர்ந்து, இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. ஆக, மாகாணத்தில் வேலை பார்த்த ஒரு வெள்ளைக்காரக் குமாஸ்தாவின் கல்யாணத் தேதியை லண்டனில் தேடி எடுக்கலாம். அவர் வீட்டில் நெல் குத்திய பெண்ணின் கல்யாணத் தேதியை எங்கே தேடினாலும் கிடைக்காது. பள்ளிவாசல்களில் நிக்காஹ் பதிவேடு உண்டு, மணமக்களும் சாட்சிகளும் அங்கேயே கையெழுத்திடுவார்கள். இந்துக் குடும்பங்களுக்குத்தான் ஊரே ஆவணம்.

1955இன் இந்து திருமணச் சட்டம் பதிவுக்கு ஒரு பிரிவு வைத்தது. விருப்பமுள்ளவர் பதியலாம் என்ற அளவில்தான் அது நடைமுறையில் இருந்தது. யாருக்கும் அவசரமில்லை. அவசரம் வேறொரு கூட்டத்துக்கு இருந்தது. புரோகிதர் இல்லாமல், அக்கினி இல்லாமல், மாலை மாற்றிச் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவர்கள். தஞ்சை மாவட்டத்தில் அப்படிப்பட்டவர்கள் கணிசம். சாஸ்திரச் சடங்கு இல்லாததால் இத்தகைய திருமணம் சட்டப்படி செல்லாது என்று 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. ஊர் சாட்சியாக நின்ற கல்யாணத்தை நீதிமன்றம் கல்யாணமில்லை என்றது. பிள்ளைகளின் சொத்துரிமை வரை கேள்விக்குள்ளானது. அண்ணா முதலமைச்சராக வந்ததும் 1967இல் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார். உறவினர், நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகப் புரிந்த மொழியில் சொன்னால், அல்லது மாலையோ மோதிரமோ மாற்றினால், அல்லது தாலி கட்டினால் போதும். 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அந்தப் பிரிவு, முன்னால் நடந்தவற்றுக்கும் சேர்த்தே செல்லுபடி கொடுத்தது. இந்தத் தாளின் வம்சாவளியில் எனக்குப் பிடித்த ஏடு அதுதான்.

பதிவைக் கட்டாயமாக்கும் வேலை 2006 பிப்ரவரி 14 அன்று தொடங்கியது. சீமா எதிர் அஸ்வனி குமார் வழக்கில், எல்லா மதத்துத் திருமணங்களும் பதியப்படவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. குழந்தைத் திருமணம், இருதார மணம், கைவிடப்படும் மனைவியின் ஜீவனாம்சம் ஆகியவற்றை அது காரணமாகச் சொன்னது. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009 நவம்பர் 24 முதல் அமலுக்கு வந்தது. தொண்ணூறு நாளைக்குள் பதியவேண்டும், தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் அறுபது நாள் அவகாசம். பதியாததாலேயே கல்யாணம் செல்லாமல் போய்விடாது.

இத்தனை சட்டத்துக்குப் பிறகும் ‘ரிஜிஸ்டர் மேரேஜ்’ என்றால் ஊரில் குரல் தாழ்கிறது. ஓடிப்போன பிள்ளைகளின் கல்யாணம் என்றே அர்த்தம் எடுக்கிறார்கள். அதனால் நம் பெண்ணின் அப்பா பத்திர ஆபீசுக்குப் போவதைக்கூட, “மாப்பிள்ளை விசாவுக்குக் கேக்கறாராம்” என்று காரணத்தோடுதான் அறிவிக்கிறார்.

விண்ணப்பம் இணையத்தில் தொடங்குகிறது. பதிவுத்துறையின் ஸ்டார் 2.0 மென்பொருள் 2018இல் வந்த பிறகு, விவரங்களை வீட்டிலிருந்தே நிரப்பி நாள் குறித்துக்கொள்ளலாம். பெரும்பாலோர் ஆபீஸ் எதிரே கம்ப்யூட்டர் வைத்திருப்பவரிடமோ பத்திர எழுத்தரிடமோதான் போகிறார்கள். வயதுச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படம், சாட்சிகள். கல்யாணம் நடந்ததற்கு ஆதாரம் அழைப்பிதழ். கோயிலிலோ மண்டபத்திலோ கட்டிய ரசீதையும் வைத்துக்கொள்வது நல்லது. மஞ்சள் தடவி ஊரெல்லாம் கொடுத்த பத்திரிகையில் ஒன்று கடைசியாக அரசாங்கக் கோப்பில் போய் உட்காருகிறது. முன்பெல்லாம் கல்யாணம் நடந்த எல்லைக்குட்பட்ட அலுவலகத்தில்தான் பதியமுடியும். வேண்டுதலுக்காக வைத்தீஸ்வரன்கோயிலில் தாலி கட்டிய சென்னைக் குடும்பம் பதிவுக்காக இன்னொரு முறை ரயிலேற வேண்டியிருந்தது. 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு மணமக்கள் வசிக்கும் ஊரிலும் பதியலாம்.

தாளின் ஆயுள் முழுக்கத் தொடரப்போகும் நோய் அன்றைக்கே ஒட்டிக்கொள்கிறது. இனிஷியல். ஆதாரில் இனிஷியல் முன்னால், பள்ளிச் சான்றில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, அழைப்பிதழிலோ செல்லப்பெயர். குடும்பப் பெயர் என்ற கட்டம் நமக்குக் கிடையாது. அமெரிக்கக் கணினிக்கு அது இல்லாமல் முடியாது. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தால் அதைக் குடும்பப் பெயராக வைத்துக்கொண்டு, முதற்பெயர் தெரியாது என்று விசாவில் மூன்றெழுத்து போட்டு அனுப்பிவிடுவார்கள். அனுபவப்பட்ட பத்திர எழுத்தர் எழுத்துக்கூட்டலை மட்டும் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தே அடிப்பார். கல்யாணத்தில் தாலி முடிச்சைப் பார்ப்பது மாதிரி, இங்கே பார்க்கவேண்டிய இடம் அது.

சான்றிதழ் கைக்கு வந்ததும் சோழன் எக்ஸ்பிரஸில் கொள்ளிடம் தாண்டிச் சென்னைக்குப் போகிறது. போகும் நாட்டைப் பொறுத்து அதற்கு நேரும் அலங்காரம் மாறும். இந்தியா அப்போஸ்டில் உடன்படிக்கையில் சேர்ந்து அது 2005 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. ஓமானுக்கு என்றால், மாநில அரசின் மேலொப்பத்துக்குப் பிறகு வெளியுறவு அமைச்சகம் ஒரு ஒட்டுச்சீட்டு ஒட்டும், அது போதும். அந்த உடன்படிக்கையில் சேராத கத்தாருக்கும் குவைத்துக்கும் தூதரக முத்திரையும் வேண்டும். அமெரிக்க விசாவுக்கு இவை எதுவும் தேவையில்லை என்பது பலருக்குத் தெரிவதில்லை, கேட்ட இடத்தில் எல்லாம் காசு கொடுத்து முத்திரை வாங்கிவிடுகிறார்கள். பாஸ்போர்ட்டுக்கும் 2016 டிசம்பருக்குப் பின் திருமணச் சான்று கட்டாயமில்லை.

அண்ணா மேம்பாலத்தருகே உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்குச் சான்றிதழோடு கல்யாண ஆல்பத்தையும் தூக்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கலாம். வரிசையாக நின்று எடுத்த குடும்பப் படம், அத்தை மாமா சித்தப்பா அடையாளத்தோடு. முத்திரையிட்ட தாள் இருந்தும், சந்தேகம் வந்தால் அதிகாரி பார்க்க விரும்புவது கூட்டத்தைத்தான். ஊர் சாட்சியை விட்டு வெகுதூரம் வந்தாகிவிட்டது என்று நினைத்த இடத்தில் ஊர் வந்து நிற்கிறது.

தாள் ஹூஸ்டனில் ஒரு இழுப்பறையில் தங்குகிறது. வங்கிக் கணக்கு, காப்பீடு, பச்சை அட்டை என்று அவ்வப்போது வெளியே வரும். அங்கே பிறந்த மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகும்போது முறையே தலைகீழாகிவிடுகிறது. டெக்சாஸில் தாளுக்குப் பிறகுதான் தாலி. கவுண்டி கிளார்க்கிடம் இருவரும் போய் உரிமம் வாங்கவேண்டும். வாங்கியதும் 72 மணி நேரம் பொறுத்திருக்கவேண்டும், 90 நாளைக்குள் கல்யாணம் நடந்தாகவேண்டும். பியர்லேண்ட் மீனாட்சி கோயிலில் மாங்கல்ய தாரணம் செய்துவைத்த சிவாச்சாரியார் உரிமத்தில் கையெழுத்திட, அது முப்பது நாளைக்குள் கிளார்க் அலுவலகத்துக்குத் திரும்பிப் பதிவாகும். இந்தக் கவுண்டி ஏடுகள் பொது ஆவணங்கள், யாரும் தேடிப் பார்க்கலாம். முன்னோரைத் தேடும் அமெரிக்கர்கள் பாட்டியின் பிறந்த வீட்டுப் பெயரை அங்கேதான் கண்டுபிடிக்கிறார்கள். நம்மூரில் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்கும் முறை 1954இன் சிறப்புத் திருமணச் சட்டத்தில் உண்டு. முப்பது நாள் அறிவிப்புப் பலகையில் தொங்கும், பிறகு மூன்று சாட்சிகள். சாதி, மதம் மாறிக் கட்டுகிறவர்களுக்குப் பெரும் சோதனையே அந்த முப்பது நாள்தான்.

தேடல் என்றால் வைத்தீஸ்வரன்கோயிலைச் சொல்லாமல் விடமுடியாது. கட்டைவிரல் ரேகையைக் கொடுத்தால் நாடி ஜோதிடர் ஓலைக்கட்டுகளைப் புரட்டுவார். கல்யாணத்துக்கு ஏழாம் காண்டம். நடக்காத கல்யாணத்துக்கே அங்கே ஓலை உண்டு. பதிவுத்துறையில் நடந்த கல்யாணத்துக்கே ஆண்டும் அலுவலகமும் சரியாகச் சொன்னால்தான் சுலபமாக நகல் கிடைக்கும்.

அதில் சீர்காழிக்காரர்களுக்குத் தனிக் குழப்பம். 1991 அக்டோபர் வரை ஊர் தஞ்சாவூர் மாவட்டம். பிறகு நாகப்பட்டினம். 2020 டிசம்பர் 28 முதல் மயிலாடுதுறை. பழைய ஆங்கிலக் காகிதங்களில் ஊர்ப்பெயரே ஷியாளி. அதே தெரு, அதே வீடு. பாட்டியின் காகிதத்தில் ஒரு மாவட்டம், அம்மாவுக்கு ஒன்று, பேத்திக்கு ஒன்று. வெளிநாட்டு அதிகாரிக்கு மூன்றும் மூன்று ஊர்.

இந்தக் குழப்பம் முழுசாக வெளிப்படுவது ஹூஸ்டன் மாப்பிள்ளை குடியுரிமை வாங்கிப் பெற்றோரை அழைக்க நினைக்கும்போது. அமெரிக்கச் சட்டம் அம்மாவை அழைக்கப் பிள்ளையின் பிறப்புச் சான்றோடு நிறுத்திக்கொள்கிறது. அப்பாவுக்கு மட்டும் பெற்றோரின் திருமணச் சான்றும் வேண்டும். பெற்றோருக்கோ 1978இல் வீட்டு வாசலில் பந்தல் போட்டு நடந்த கல்யாணம். பதிவைப் பற்றி யாரும் பேசவில்லை. நடத்திவைத்த வாத்தியார் இல்லை, முன்வரிசையில் உட்கார்ந்தவர்களில் பாதிப்பேர் இல்லை. 2009 சட்டம் தனக்குப் பின் நடந்த கல்யாணங்களுக்கு, ஆகவே இவர்கள் 1955 சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கவேண்டும். எழுபதைத் தாண்டிய தம்பதி ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, இரும்புப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்த அழைப்பிதழ் மேசைக்கு வருகிறது. அதில் ‘தஞ்சை மாவட்டம், சீர்காழி வட்டம்’ என்றிருக்கிறது. மேலே வருஷமும் மாதமும் தமிழில், ஆங்கிலத் தேதி மூலையில் பொடி எழுத்தில்.

சான்றிதழில் இரண்டு தேதிகள் விழும், கல்யாணத்துக்கு ஒன்று, பதிவுக்கு ஒன்று. நடுவே நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல். இவ்வளவு தாமதமாகப் பதிந்த தாளை மட்டும் நம்பாமல், திருமணத்தை நேரில் அறிந்தவர்களின் உறுதிமொழிப் பத்திரமும் அமெரிக்கா கேட்கக்கூடும். அதற்கு ஆள் தேடுகிறபோதுதான் மாப்பிள்ளையின் அம்மா மொய் நோட்டை எடுத்துவரச் சொல்கிறார். ஒவ்வொரு பெயராக வாசிக்கிறார்கள். இவர் போய்விட்டார், இவரும் போய்விட்டார், இவர் மகன் வீட்டில் கோயம்புத்தூரில். திருமுல்லைவாசல் வரியில் இருபது ரூபாய் எழுதிய ஒருவர் இருக்கிறார். கண் பார்வை மங்கல், நினைவு நன்றாக இருக்கிறதாம். நோட்டரியைக் கூட்டிக்கொண்டு நாளைக்கே போகவேண்டும்.